வெயிலுக்கும் நேரம் குறித்துச் சொல்லுங்கள்: ஒரு கட்டட மேஸ்திரியின் திறந்த மடல்

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தில் தினசரி அறிக்கை எழுதுகிறவர்களுக்கும், தமிழ்நாடு மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் திருவள்ளூர் மாவட்டத்தில் வீடு கட்டும் வேலை எடுத்துச் செய்கிற மேஸ்திரி. கொத்தனாராக 12 வருடம், அப்புறம் மேஸ்திரியாக 18 வருடம். தளம் போடுவதற்கு முதல் நாள் சாமி கும்பிடுகிறேனோ இல்லையோ, உங்கள் அறிக்கையைப் படித்துவிடுவேன். ஜல்லி, மணல், சிமென்ட் எல்லாம் இறக்கி, மிக்ஸர் மெஷின் வந்து, 20 ஆட்கள் வந்து நின்ற பிறகு மழை பிடித்துக்கொண்டால் அன்றைய நட்டம் மொத்தமும் என் தலையில்தான். அதனால் உங்கள் பாஷை எனக்கு அத்துப்படி. வளிமண்டல மேலடுக்கு சுழற்சி என்று எழுதியிருந்தால் தார்ப்பாயை எடுத்து வைப்பேன். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றால் தளத்தை இரண்டு நாள் தள்ளுவேன். தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று படியேறினால் சாரத்தை இறுக்கிக் கட்டச் சொல்வேன். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள் என்பதுகூட உங்களைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

மழை விஷயத்தில் எனக்கு உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை. இந்த மடல் வெயிலைப் பற்றியது.

2023 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். மோக்கா புயல் தென்கிழக்கு வங்கக் கடலில் உருவாகிக்கொண்டிருந்தது. எங்கள் சைட்டில் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்து, தளம் போட நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். புயல் வடக்கே திரும்பியது. தமிழகத்துக்குப் பாதிப்பில்லை என்று டிவியில் கீழே ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டேன். மே 14-ஆம் தேதி அது மியான்மரின் சிட்வே அருகே கரையைக் கடந்தது. 16-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை தளம் என்று ஆட்களுக்குச் சொல்லிவிட்டேன். மழை வராது என்பது உறுதி. எனக்கு வேறு என்ன வேண்டும்?

காலை 8 மணிக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. 10 மணிக்கே சென்ட்ரிங் தகட்டின் மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. மிச்சம் இருந்த இரண்டு மூன்று முடிச்சுகளைப் போடப் போன பையன் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் கம்பியைப் பிடித்தான். எங்கள் பக்கம் கடலிலிருந்து 30 கிலோமீட்டர் உள்ளே. எவ்வளவு வெயில் அடித்தாலும் மதியத்துக்கு மேல் கிழக்கேயிருந்து ஒரு காற்று வரும். தென்னை ஓலை ஆடுவதைப் பார்த்ததுமே ஆட்கள், கடல் காத்து வந்துடுச்சு என்பார்கள். அன்றைக்கு ஓலை ஆடியது, ஆனால் காற்று வடமேற்கிலிருந்து வந்தது. செங்கல் சூளையின் வாயில் நிற்பதுபோல இருந்தது.

எங்களோடு ஏழெட்டு வருடமாக வேலை செய்யும் சித்தாள் அக்கா ஒருவர். கலவைச் சட்டி கைமாறுகிற வரிசையில் ஏணிக்குக் கீழே நின்றிருந்தார். ஒரு மணி இருக்கும். சட்டியை வாங்காமல் அப்படியே நின்றார். என்னக்கா என்றேன். என்னைப் பார்த்து, "பஸ் போயிடுச்சா மேஸ்திரி?" என்றார். வேலை முடிய இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது. களைப்பில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, நிழலில் உட்காருங்கக்கா, டீ வாங்கிட்டு வரச் சொல்றேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். திரும்பி வருவதற்குள் அவர் மணல் குவியலின்மேல் சாய்ந்து கிடந்தார். உடம்பைத் தொட்டால் அனலாகச் சுட்டது.

பேச்சு குழறுவதும் இடம் தெரியாமல் கேட்பதும் களைப்பு இல்லை, வெயில் மூளையைத் தொட்டுவிட்டதற்கு அடையாளம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒரு கொத்தனார் தம்பிக்குத் தெரிந்திருந்தது. வாயில தண்ணி ஊத்தாதீங்க, மேல ஊத்துங்க என்று கத்தினான். தளத்துக்குத் தண்ணீர் விட வைத்திருந்த ஹோஸைப் பிடித்து உடம்பு முழுக்க நனைத்தோம். பக்கத்துப் பெட்டிக்கடையில் இருந்த ஐஸைத் துணியில் கட்டிக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தான். 108 வருவதற்குள் கண் விழித்துவிட்டார். பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு வெயிலில் கொஞ்ச நேரம் நின்றாலே தலை சுற்றுகிறது என்கிறார். இப்போது பூக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்று மாலை அவருடைய மகள்தான் சொன்னாள், அம்மா காலையிலிருந்து தண்ணீரே குடித்திருக்க மாட்டார் என்று. ஏன் என்று கேட்டேன். சைட்ல எங்கண்ணே போவாங்க என்றாள். 18 வருடம் மேஸ்திரியாக இருந்திருக்கிறேன். பாதிக்கு மேல் பெண்கள் வேலை செய்த சைட்டுகள் எத்தனையோ. கழிப்பறை இல்லாததால் சித்தாள்கள் காலை 7 மணியிலிருந்து சாயங்காலம் 5 மணிவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள் என்பது ஒருநாளும் என் மண்டையில் ஏறியதில்லை. தண்ணீர் டிரம் வைத்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தப்பு என்னுடையது. உங்கள் அறிக்கையில் இதற்கு மருந்து இல்லை.

ஆனால் மற்றொரு விஷயத்துக்கு இருக்கிறது. புயலால் பாதிப்பில்லை என்ற அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அதற்கப்புறம்தான் தேடித் தேடிப் படித்தேன்.

வங்கக் கடலில் சுழலும் எந்தப் புயலிலும் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுற்றும். புயல் நமக்கு வடகிழக்கே ஒடிசா, வங்காளம், மியான்மர் என்று போகும்போது நாம் அதன் இடப்பக்கத்தில் மாட்டிக்கொள்கிறோம். அங்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வராது. ஆந்திரத்தின், தெலங்கானாவின் காய்ந்த நிலத்திலிருந்து கிளம்பி நம்மேல் வீசிக் கடலுக்குப் போகும். மேகத்தையும் ஈரத்தையும் புயல் தன் பக்கம் வாரிக்கொள்ளும். மதியம் வர வேண்டிய கடல் காற்றைத் தரைக்காற்று கரையிலேயே மறித்து நிறுத்திவிடும். மழை தராத அந்தப் புயல் வெயிலைத் தள்ளிவிட்டுப் போகிறது. மோக்கா கரை கடந்த அந்த வாரம் சென்னையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது இதனால்தான்.

இது ஒருமுறை நடந்த அதிசயமும் இல்லை. 2003 மே மாதம் வங்கக் கடலில் ஒரு புயல் பல நாள் சுற்றியது. இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் பெரும் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டன. புயல் கடைசியில் மியான்மரில் போய்க் கரையேறியது. அதே மாதம் ஆந்திரத்தில் வெயிலுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மே 31-ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி பதிவானது. 2019-இல் ஃபானி வந்தபோது எங்கள் பக்கம் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏரிகள் வற்றிப்போயிருந்தன, வட தமிழகக் கரைக்கு வரும் என்ற பேச்சு பலமாக இருந்தது. அது திரும்பி மே 3-ஆம் தேதி புரியில் கரையேறியது. மழை கிடைக்கவில்லை, வெயில் மட்டும் கிடைத்தது. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அதே ஃபானிக்கு ஒடிசாவில் என்ன செய்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். 1999 பெரும்புயலில் அங்கே பத்தாயிரம் பேர்வரை மாண்டார்கள். 2019-இல் நீங்கள் இன்ன இடம், இன்ன நேரம், இவ்வளவு வேகம் என்று சொன்னீர்கள். 12 லட்சம் பேரை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறப்பு நூறுக்குள் நின்றது. துறைமுகத்தில் 1 முதல் 11 வரை கூண்டு எண் வைத்து, எந்த எண்ணுக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்று வரையறுத்து வைத்திருக்கிறீர்கள். கடலுக்குப் போகாதே என்றால் படகு போவதில்லை. இவ்வளவு துல்லியமாகப் புயலைச் சொல்லத் தெரிந்த உங்களிடம்தான் கேட்கிறேன், வெயிலை மட்டும் ஏன் ஒரே ஒரு எண்ணாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள்?

அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 3 டிகிரி அதிகமாக இருக்கக்கூடும். அதிக வெப்பமும் அதிக ஈரப்பதமும் சேரும்போது ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம். கோடைகாலத்தில் வாரக்கணக்கில் இந்த இரண்டு வாக்கியங்களைப் படிக்கிறோம். அசௌகரியம் என்றால் என்ன? பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காவிட்டால் அசௌகரியம். மணல் குவியலில் நினைவில்லாமல் கிடப்பதற்குத் தமிழில் வேறு சொல் இருக்கிறது. ஆபத்து என்று எழுதுங்கள், எங்களுக்குப் புரியும்.

வெப்ப அலை என்ற பெரிய சொல் உங்களிடம் இருக்கிறது, அதை எப்போது சொல்வீர்கள் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சமவெளியில் 40 டிகிரி, கடற்கரையில் 37, மலையில் 30. அதை எட்டினால் மட்டும் போதாது, இயல்பைவிட நாலரை டிகிரி கூடியிருக்க வேண்டும். அதுவும் இரண்டு நிலையங்களில், அடுத்தடுத்து இரண்டு நாள் இருந்தால்தான் இரண்டாம் நாள் அறிவிப்பீர்கள். நாடு முழுக்கப் பொதுவாக ஓர் அளவுகோல் வேண்டும், அது சரிதான். ஆனால் அது எங்கள் ஊரில் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். சென்னையில் மே மாத இயல்பே 37-ஐ ஒட்டி இருக்கிறது. நாலரை கூட்டினால் 41, 42 வருகிறது. அதாவது 39 டிகிரி வெயிலில், உப்புக் காற்றின் புழுக்கத்தில், சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிற நாளும் கணக்குப்படி வெப்ப அலை கிடையாது. வேலூரிலும் கரூர் பரமத்தியிலும் 40 என்பது மே மாதத்தில் பெரிய செய்தியே இல்லை, அங்கே பழகிப்போன வெயில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி போனது. இயல்பைவிட 5 டிகிரிக்கு மேல் அதிகம், பல பத்தாண்டுகளில் இல்லாத வெயில் என்று பேசிக்கொண்டார்கள். மலைக்கு வைத்த 30-ஐத் தொட ஒரு டிகிரி குறைந்ததால் அதுவும் அந்தப் பெயருக்குள் வராது.

ஈரப்பதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் நிலையங்களில் காற்று புகும்படி பலகை அடித்த அந்த வெள்ளைப் பெட்டிக்குள் நான்கு தெர்மாமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்று பகலின் உச்சத்தைக் காட்டும், ஒன்று இரவின் குறைந்த அளவைக் காட்டும், ஒன்று அந்த நேரத்து வெப்பத்தைக் காட்டும். நான்காவதில் ஈரத்துணி சுற்றியிருக்கும். அந்த ஈரத்துணி என்ன செய்கிறது என்று படித்தபோது, இது எங்கள் ஆட்களின் முதுகுதான் என்று தோன்றியது. துணியிலிருந்து ஈரம் ஆவியாகும்போது தெர்மாமீட்டர் குளிர்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடம்பு குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் துணியும் குளிராது, முதுகும் குளிராது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 42 டிகிரி வெயில், 20 சதவீத ஈரப்பதம் என்றால் ஈரத்துணி ஏறத்தாழ 24 காட்டும். 36 டிகிரி வெயில், 65 சதவீத ஈரப்பதம் என்றால் 30 காட்டும். செய்தியில் 42-தான் பெரிய எழுத்தில் வரும். ஆனால் 36-இல் எங்கள் சித்தாளின் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடம்பின் சூடு வெளியே போக வழி இருக்காது. அந்த நான்காவது தெர்மாமீட்டரை நீங்கள் நெடுங்காலமாகப் படித்துக் குறித்துவருகிறீர்கள். 2023 முதல் வெப்பக் குறியீடு என்று சோதனை முறையில் வரைபடமும் போடுகிறீர்கள். அதையெல்லாம் தமிழில், மாவட்டத்துக்கு ஒரு வரியாக, தினசரி அறிக்கையின் முதல் பத்தியிலேயே சொல்ல முடியாதா? காய்ந்த வெயிலுக்கு ஒரு தற்காப்பு, புழுக்கமான வெயிலுக்கு வேறு தற்காப்பு. காய்ந்த வெயிலில் தண்ணீரும் உப்பும் நிழலும் ஆளைக் காப்பாற்றும். புழுக்கத்தில் தண்ணீர் குடித்தால் மட்டும் போதாது, வேலையைக் குறைக்க வேண்டும், காற்று வேண்டும். எந்த வெயில் வருகிறது என்று தெரிந்தால்தானே நான் ஏற்பாடு செய்ய முடியும்.

இரவையும் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழும், வெறும் கான்கிரீட் தளத்தின் கீழும் படுப்பவர்கள் எங்கள் ஆட்கள். பகலில் குடித்த வெயிலைத் தளம் ராத்திரி முழுக்க வீட்டுக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் வேலைக்கு வருகிற ஆள் தூங்காமல் வந்தால் அவன் உடம்பு முதல் நாள் வெயிலிலிருந்தே மீளவில்லை என்று அர்த்தம். வெப்ப இரவு என்று ஓர் அறிவிப்பு உங்களிடம் உண்டு, ஆனால் பகல் 40 டிகிரி இருந்தால்தான் அதையும் சொல்வீர்களாம். கரையோரத்தில் பகல் 37-உம் இரவு 30-உம் என்று புழுங்குகிற வாரங்கள் அதில் வராது.

கத்திரி வெயிலைப் பற்றி மக்கள் மனதில் இருப்பதும் ஒரு சிக்கல். மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம் என்று காலண்டரில் போட்டிருப்பதால், 28 முடிந்ததும் வெயில் முடிந்தது என்று நானே ஆட்களிடம் சொல்லியிருக்கிறேன். 2003-இன் 45 டிகிரி கத்திரி முடிந்து மூன்று நாள் கழித்து வந்தது. 2024 அக்டோபர் 6-ஆம் தேதி மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி பார்க்கப் போனவர்களில் 5 பேர் வெயிலின் தாக்கத்தில் இறந்தார்கள். அக்டோபரில். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, மணல் குவியல்தான் கண்முன் வந்தது.

பேரிடர் மேலாண்மை ஆணையத்தாரிடம் இனிப் பேசுகிறேன். அதே 2024 அக்டோபர் மாதக் கடைசியில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அரசு அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. நல்ல முடிவு, மனதார நன்றி. ஆனால் வெயிலால்தான் இறந்தார் என்று யார் எழுதித் தருவார்கள்? எங்கள் அக்காவின் சீட்டில் மயக்கம் என்று ஒரே சொல்தான் எழுதியிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, அங்கே அன்று நின்ற கூட்டத்தையும் பார்த்தேன். வந்த உடனே உடம்பின் சூட்டை அளந்து சீட்டில் எழுத வேண்டும் என்று ஓர் உத்தரவு இருந்தால், இறந்தவருக்கு நியாயம் கிடைக்கும், பிழைத்தவர்களின் எண்ணிக்கையும் உங்களுக்குத் தெரியும். அகமதாபாத்தில் 2010 மே வெயிலில் வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள் என்று கணக்கெடுத்த பிறகுதான் 2013-இல் அந்த நகரம் வெப்பச் செயல்திட்டம் போட்டது. எண்ணிப் பார்த்ததால்தான் அது நடந்தது.

அடுத்தது வேலை நேரம். பகல் 12 முதல் 3 வரை வெளியே வராதீர்கள் என்று ஒவ்வொரு கோடையிலும் அறிவுரை வருகிறது. அது யாருக்கு? வெளியே வருவதும் வராததும் தன் கையில் இருக்கிறவர்களுக்கு. வெயிலில் நிற்பதற்காகத்தான் எங்கள் ஆட்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள். கேரளத்தில் கோடையில் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு 12 முதல் 3 வரை ஓய்வு என்று தொழிலாளர் துறை பல வருடங்களாக உத்தரவு போடுகிறது. இங்கிருந்து அங்கே கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வந்து சொல்கிறார்கள். துபாயில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் 3 வரை வெயிலில் வேலை கூடாது, மீறினால் கம்பெனிக்கு அபராதம். ஐஸை அக்குளில் வை என்று அந்தத் தம்பிக்குத் தெரிந்திருந்தது அங்கே சொல்லிக்கொடுத்ததால்தான். சொந்த ஊரில் அவனுக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை என்பது எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றைச் சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். வெயில்காலத்தில் கான்கிரீட் போடுவதற்கென்று இந்தியத் தரநிலை 7861 என்று ஒன்று 1975-லேயே வந்துவிட்டது. காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் ஜல்லியை நிழலில் வை, தண்ணீரைக் குளிர வை, காலையிலோ மாலையிலோ போடு, போட்டதும் ஈரச்சாக்கு மூடு என்று கான்கிரீட்டுக்குப் பணிவிடை எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான், இல்லாவிட்டால் தளம் வெடித்துப்போகும். அந்தக் கான்கிரீட்டைத் தலையில் சுமக்கிறவருக்கும் இதே மாதிரி ஒரு தாள் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

என் வேண்டுகோளை நேராகவே சொல்லிவிடுகிறேன். வானிலை மையத்தார் நாளைய உச்ச வெப்பத்தோடு, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை ஆபத்து என்று எழுதுங்கள். கடல் காற்று எத்தனை மணிக்கு எந்தப் பகுதிவரை வரும், வராதா என்று எழுதுங்கள். காசிமேட்டில் 12 மணிக்கு வரும் காற்று ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் வரப் பிந்தும், சில நாள் வந்தே சேராது. மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரி எழுதினால் இது தெரிவதில்லை. முன்பின் ஆகலாம் என்பது எங்களுக்கும் தெரியும், மழை விஷயத்தில் அதைப் பொறுத்துக்கொள்ளவில்லையா? அப்புறம், புயல் அறிக்கையில் தமிழகத்துக்குப் பாதிப்பில்லை என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அதனால் எந்த மாவட்டங்களில் எத்தனை நாள் கடல் காற்று தடைபட்டு வெயில் ஏறும் என்பதை அதற்கு அடுத்த வரியிலேயே சொல்லுங்கள். 2023-இல் அந்த வரி கண்ணில் பட்டிருந்தால் செவ்வாய்க்கிழமைத் தளத்தை நான் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளியிருப்பேன். மழைக்குத் தள்ளியவன் வெயிலுக்குத் தள்ள மாட்டேனா?

ஆணையத்தார் அந்த மணிக்கணக்கை உத்தரவாக மாற்ற வேண்டும். ஆரஞ்சு என்றால் எந்த நேரத்தில் வேலை நிற்கும், சிவப்பு என்றால் எந்த நேரத்தில் நிற்கும் என்று. நின்ற நேரத்துக்குக் கூலி யார் தருவது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அது இல்லாவிட்டால் ஆட்களே கேட்க மாட்டார்கள். அரை நாள் கூலி போனால் அரிசி வாங்க முடியாத வீட்டில், வெயிலாவது ஒன்றாவது என்றுதான் சொல்வார்கள். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்களின் செல்போன் எண்கள் அரசிடமே இருக்கின்றன. முதல் நாள் மாலை அவர்களுக்குக் குரல் செய்தியாகவே அனுப்பலாம். படிக்கத் தெரியாதவர்களும் கேட்பார்கள்.

நான் இப்போது மே, ஜூனில் காலை 5:30-க்கு வேலையைத் தொடங்கி, 11:30-க்கு நிறுத்தி, 3:30-க்கு மறுபடி ஆரம்பிக்கிறேன். சைட்டில் முதல் வேலையாக ஒரு கழிப்பறை தகரம் அடித்துக் கட்டுகிறேன், தண்ணீர் டிரம் அதற்கு அப்புறம்தான். எங்கள் சித்தாள்கள் இப்போது தண்ணீர் குடிக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்து சைட்டில் மத்தியானமும் வேலை நடக்குதே மேஸ்திரி, உங்க ஆளுங்க மட்டும் ஏன் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருக்காங்க, எந்த ஜி.ஓ.வில் இருக்கு என்று கேட்கிறார்கள். வீடு கட்டக் கடன் வாங்கியவர்கள், ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு வட்டி. அவர்களையும் குறை சொல்ல முடியாது. எடுத்துக் காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை.

அந்தத் தாளைத் தாருங்கள். நாளை இத்தனை மணி முதல் இத்தனை மணிவரை வெயிலில் வேலை கூடாது என்று உங்கள் முத்திரையோடு தினமும் ஒரு வரி வந்தால் போதும். காலையில் பிரின்ட் எடுத்துத் தண்ணீர் டிரம்முக்கு மேலே ஒட்டிவிடுவேன், கேட்கிறவர்களை அங்கே கைகாட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து ஒரு கட்டட மேஸ்திரி